கம்பும் காலடியும்



வரலாறு என்றதும் அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் நினைத்து அஞ்சுவோர் உங்களுள் சிலர் இருக்கலாம். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் ஆதலால் அந்த அச்சத்தை நான் நன்கு அறிவேன். இன்றைய பேச்சை அரசர் கதையிலிருந்து தொடங்கப் போவதில்லை. ஒரு சிறுவன் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வரலாறு அக்கேள்விக்கு என்ன விடை தருகிறது என்று நாம் சேர்ந்து பார்ப்போம்.

ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நான் ஓய்வுக்காலத்தைக் கழித்து வருகிறேன். விடியற்காலையில் ஏரிக்கரைமீது நடப்பது என் வழக்கம். ஒருநாள் கரையின் மறைவில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன், தண்ணீர்க் குழாயின் துண்டு ஒன்றைக் கம்பாகப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு கல்லின்மேல் கைப்பேசி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒருவர் சிலம்பம் சுற்ற, அதைப் பார்த்து இவனும் சுற்றினான். அவன் நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம்.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"நானே அடித்துக்கொண்டது, சார்" என்று நாணினான்.

அவன் தந்தை ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. தாய் தொழிலாளர் விடுதியில் சமையல் செய்பவர். பயிற்சிக்கூடம் ஒன்றில் மாதக் கட்டணம் கேட்டார்கள். சீருடைக்கும் தேர்வுக்கும் தனிப் பணம் வேண்டும் என்றார்கள். "காசில்லாதவர்கள் இதைக் கற்கவே முடியாதா சார்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது.

அவன் நின்ற மண்ணைப் பற்றி முதலில் ஒரு சொல். அங்கிருந்து வடகிழக்கே, தாம்பரத்திலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் மணிமங்கலம் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் புறங்காணச் செய்த களங்களுள் ஒன்றாக அவ்வூரைக் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது. பின்னர் 642-ஆம் ஆண்டில் வாதாபி நகரமே பல்லவர் கையில் வீழ்ந்தது. அந்த நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பது பட்டப்பெயர். பெரிய மற்போர் வீரன் என்பது அதன் பொருள். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது. காஞ்சிக்கு வடக்கே உள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் திப்பு சுல்தானும் ஐதர் அலியும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தனர்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செப்பேடு மன்னன் பெயரைச் சொல்கிறது. அவன் படையில் நின்ற உழவன் மகனுக்குக் கம்பு பிடிக்கக் கற்பித்தவன் பெயரை எந்தச் செப்பேடும் சொல்லவில்லை. நம் சிறுவனின் கேள்விக்கு விடை தரவேண்டியவன் பெயர் தெரியாத அந்த ஆசானே.

இங்கே நீங்கள் கேட்டிருக்கக்கூடிய ஒரு கதையையும் ஒதுக்கி வைப்போம். காஞ்சிப் பல்லவ இளவரசர் போதிதருமர் சீனம் சென்று சாவோலின் மடத்துத் துறவியருக்குத் தற்காப்புக் கலையைக் கற்பித்தார் என்பது அக்கதை. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்தால் அது வீடுதோறும் பரவியது. போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. அக்காலத்தை ஒட்டிய மற்றொரு குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. அவ்விரண்டிலும் தற்காப்புக் கலையைப் பற்றிய பேச்சே இல்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல் பதினேழாம் நூற்றாண்டில்தான் தோன்றியது. நம் பெருமைக்கு இந்தக் கதை தேவையில்லை. ஏரிக்கரையில் நிற்கும் சிறுவனுக்கு அதனால் பயனும் இல்லை.

அப்படியானால் நம்மிடம் உண்மையில் எஞ்சியது எது? கம்பு. அது எஞ்சியதற்குக் காரணமும் உண்டு. தென்பாளையக்காரர் எழுச்சியை அடக்கிய பின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் படைக்கலங்களை ஒப்படைக்குமாறு அறிக்கை வெளியிட்டார். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியோடு வாளையும் உரிமத்தின் கட்டுக்குள் கொண்டுவந்தது. வாள் போயிற்று, வேல் போயிற்று. ஆனால் ஆடு மேய்ப்பவன் கையிலிருந்தும், இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்பவன் கையிலிருந்தும் கம்பை எந்தச் சட்டத்தாலும் முழுவதும் பிடுங்க இயலாது. கருவி எளியதாக இருந்ததே கலை நிலைத்ததற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூங்கிலோ பிரம்போ, நெற்றி மட்டத்துக்கு ஓர் ஒற்றைக் கம்பு. அவ்வளவுதான் சிலம்பத்தின் தொடக்கச் செலவு. மான் கொம்பும் சுருள்வாளும் பின்னால் வருபவை. தொடங்குபவனுக்கு அவை வேண்டா. கம்புக்கும் முன்னே வருவது காலடி. எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே, உடலின் பாரம் எந்தக் காலில் என்பதே கலையின் அரிச்சுவடி. அதைக் கற்கத் தரை ஒன்றே போதும்.

எங்கள் பகுதி முதியோர் அக்காலப் பயிற்சியைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அறுவடை முடிந்து நெற்களம் காலியானதும் இரவில் விளக்கேற்றிப் பயிற்சி தொடங்கும். மாணவன் வெற்றிலை, பாக்கு, தேங்காய், தன்னால் இயன்ற காணிக்கை ஆகியவற்றைத் தட்டில் வைத்து வணங்குவான். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுக் களம் புகுவான். பணமுள்ளவன் நெல் அளப்பான். இல்லாதவன் ஆசான் வீட்டு வேலையில் ஒரு கை கொடுப்பான். திருவிழாவில் அம்மன் ஊர்வலத்தின் முன் கம்பு சுற்றுவதே அவனுக்குத் தேர்வு. எனினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாச் சாதியாருக்கும் எல்லாக் களமும் திறந்திருக்கவில்லை. பெண்கள் களத்தின் ஓரத்திலும் நின்றதில்லை. கட்டணம் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் கதவுகள் பல மூடியிருந்தன.

இனி வேறொரு நாட்டுச் சிறுவனைக் காண்போம். ஜப்பானில் கானோ ஜிகோரோ என்பவர் 1860-ஆம் ஆண்டில் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர், உடலோ சிறியது. விடுதிப் பள்ளியில் வலியவர்கள் அவரை வாட்டினார்கள். வலிமை குறைந்தவன் வலியவனை வீழ்த்தும் ஜுஜுத்சு என்றொரு கலை உண்டு என்று கேள்விப்பட்டு, தமக்கு அதைக் கற்றுத்தருமாறு குடும்பத்துக்கு அறிமுகமானவர்களை வேண்டினார். "இக்காலத்துக்கு அது எதற்கு?" என்று மறுத்துவிட்டனர். அங்கும் பழைய போர்க்குலம் கலைக்கப்பட்டு, 1876-ஆம் ஆண்டில் வாள் அணிவதற்குத் தடை வந்திருந்தது. கலை வல்லோர் பிழைப்புக்கு வேறு தொழில் தேடிச் சென்றனர்.

அச்சிறுவர் செய்தது என்ன? ஜுஜுத்சு ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியராய் மாறியிருந்ததை அறிந்தார். அவ்வைத்தியர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று விசாரித்தார். 1877-ஆம் ஆண்டில் அப்படி ஒரு வைத்தியரே அவரை ஃபுகுடா என்னும் ஆசானிடம் அனுப்பினார். ஆசானின் கூடமோ மிகச் சிறியது. மாணவரும் மிகச் சிலர். உடன் பயில ஆள் வராத நாட்களில், ஆசான் சொன்னபடி கனத்த தடியைத் தனியே சுழற்றியும், விழுந்து விழுந்து எழுந்தும் பயின்றார். உடன் பயின்ற பருத்த உடலினர் ஒருவரை வெல்ல முடியாதபோது, நூலகத்துக்குச் சென்று மேலைநாட்டு மற்போர் நூலைப் புரட்டி ஒரு பிடியைக் கண்டெடுத்தார். நூலில் கண்டதை மனத்தோடு நிறுத்தாமல் கூடத்தில் தோழர்களோடு பழகிப் பார்த்தே கைக்கொண்டார்.

1882-ஆம் ஆண்டில் ஒரு புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்த அறையில், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு அவர் தொடங்கிய பள்ளியிலிருந்தே ஜூடோ பிறந்தது. 1964-ஆம் ஆண்டில் அது ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது. கானோ ஆண்டுகள் பல ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராக இருந்தவர் என்பதைச் சொல்லும்போது, ஆசிரியனான எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

கராத்தேயின் கதையும் இதற்கு நெருங்கியதே. ஒகினாவாத் தீவில் மறைவாகக் கற்பிக்கப்பட்டு வந்த அக்கலையை, 1901-ஆம் ஆண்டில் இடோசு என்னும் முதிய ஆசான் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். அவர் மாணவர் ஃபுனாகோஷி தொடக்கப்பள்ளி ஆசிரியர். 1922-ஆம் ஆண்டில் டோக்கியோ சென்ற அவர், மாணவர் விடுதி ஒன்றில் அறைகளையும் தோட்டத்தையும் பெருக்கும் வேலை பார்த்துக்கொண்டே கராத்தே கற்பித்தார். கலையின் மதிப்பு கூடத்தின் பளபளப்பில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கானோவின் கதையைப் படித்தபோது நம் குமரி மாவட்டம் என் நினைவுக்கு வந்தது. அங்கே வர்ம ஆசான்கள் அடிமுறை கற்பித்தவர். முறிந்த எலும்பைக் கட்டியவரும் அவர்களே. அடிக்கத் தெரிந்த கையே ஆற்றவும் தெரிந்திருந்தது. ஆகவே, ஆசான் எங்கே என்று தேடுபவன் விளம்பரப் பலகையை மட்டும் பார்க்கக்கூடாது.

எங்கள் பகுதியின் மாற்றத்தை நீங்கள் அறிவீர்கள். 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. வயல்கள் ஆலைகளாயின; நெற்களம் சுருங்கிற்று. அதனால் பலருக்குச் சோறு கிடைத்தது. அதை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆனால் இரவு வேலைக்குப் போகும் தந்தை களத்தில் விளக்கேற்ற இயலாது. கலை அழியவில்லை, ஆசான் வேறு சீருடை அணிந்துகொண்டார், அவ்வளவே.

புதிய கதவுகளும் திறந்திருக்கின்றன. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசுப் பள்ளி மாணவியருக்குத் தற்காப்புக் கலைப் பயிற்சி அளிக்கும் திட்டம் வந்தது. களத்தின் ஓரத்திலும் நிற்காத பெண்ணுக்கு அது ஒரு பெரிய மாற்றம். உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரையும், மாவட்ட விளையாட்டு அலுவலரையும் கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

தனியே தொடங்குபவன் என்ன செய்யலாம்? ஓடலாம்; உட்கார்ந்து எழலாம்; காலடி பழகலாம்; ஆளில்லாத வெளியில் இலேசான கம்பைக் கையில் மெல்லச் சுழற்றலாம். எதிராளியோடு மோதுவதும், தலைக்கும் கண்ணுக்கும் அருகே கம்பை வீசுவதும், வர்மத்தைச் சோதிப்பதும் கூடவே கூடா. கைப்பேசி உனக்குக் காட்டும். ஆனால் அது உன்னைக் காணாது. உன் மணிக்கட்டு கோணலாய் இருப்பதைச் சொல்ல ஒரு மனிதக் கண் வேண்டும். நெற்றி வீக்கம் அச்சிறுவனுக்குக் கற்பித்த பாடம் அதுதான்.

அடுத்த ஆடி மாதம் அவனை எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு அழைத்துச் சென்று, "மேளக்காரரிடம் கேள், தம்பி" என்றேன். கம்பாட்டத்துக்கு அடித்தவருக்கு ஆடியவரைத் தெரியாமல் இராது. அவர் கைகாட்டிய முதியவர் ஒரு கிடங்கின் வாயிலில் இரவுக் காவலராக இருந்தார். கம்பைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆயிற்றாம். பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "வெற்றிலை பாக்கு வை; களத்தை நீயே கூட்டு" என்றார். முதல் இரண்டு மாதம் கம்பே தரவில்லை, வெறும் காலடிதான். சிறுவன் என்னிடம் வந்து முறையிட்டான். கானோ தனியே விழுந்து எழுந்த கதையைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இன்று ஏரிக்கரையில் ஏழு பேர் பயில்கின்றனர்; அவர்களுள் மூவர் பெண்கள்.

காசில்லாதவர் இக்கலையைக் கற்கலாம் என்பதே வரலாறு தரும் விடை. ஆனால் அது இலவசம் அன்று. பெயர் பொறிக்கப்படாத ஆசான்கள் தலைமுறைதோறும் தம் காலத்தைக் கொடுத்ததால் வந்த கடன் அது. கற்றவன் அக்கடனைத் தன் ஆசானுக்குத் திருப்பித் தர இயலாது; நாளை இன்னொரு குழந்தைக்குக் கற்பித்தே தீர்க்கவேண்டும். கம்பைக் கையில் எடுக்கும்போது அதையும் நினைவில் வையுங்கள்.