ஃபூட் துரையின் அலமாரி

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள். லேடீஸ் ஸீட்டில் உட்கார்ந்து கீழே சேலத்து விளக்குகளை எண்ணுகிறார்கள். மிளகும் பலாப்பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குள் எட்டிப் பார்க்கிறவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். அங்கேதான் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவருக்கு நினைவுக் கல் இருக்கிறது. ஆயுள் முழுவதும் கல்லோடு காலம் தள்ளிய மனிதருக்கு வேறு எதில் ஞாபகச் சின்னம் வைப்பது!

ஃபூட் 1858-ல் இந்தியப் பூகர்ப்ப இலாகாவில் உத்தியோகத்துக்கு வந்தவர். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரைத் தமிழர்கள் அறிவார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர் அவர்தான். பெர்சிவல் 1882-ல் கண்ணை மூடியது ஏற்காட்டில். மருமகப்பிள்ளையும் ஓய்வு பெற்ற பிறகு அதே மலைக்கு வந்து வீடு பிடித்தார். வீடு நிறையக் கற்கள்.

அவருடைய பெயர் நிலைத்தது ஒரே ஒரு கல்லால். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியிலிருந்து கைக்கு அடக்கமான கல் ஒன்றை எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கோடாரி அது! அதுபோன்ற கற்களை மிதித்துக்கொண்டு அதற்கு முன் எத்தனை ஆயிரம் பேர் நடந்திருப்பார்கள்? அவர்களுக்கும் கண் இருந்தது. இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

விஷயம் கண்ணில் இல்லை. இங்கிலாந்தில் ஜான் ஃபிரெயர் என்பவர் 1797-லேயே இதே மாதிரிக் கற்களைக் காட்டிக் கடிதம் எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. பிரான்ஸில் பூஷே த பெர்த் என்ற சுங்க அதிகாரி கத்திக் கத்திப் பார்த்தார், பைத்தியம் என்றார்கள். உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷம்தான் என்று முடிச்சுப் போட்டுக்கொண்ட மனசுக்கு, அதற்கு மேல் வயசான கல் கல்லாகவே படாது. 1859-ல்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. நாலு வருஷம் கழித்து ஃபூட்டின் கை பல்லாவரத்துக் குழியில் சரியான இடத்துக்கு நீண்டதென்றால், அந்தச் செய்தி அவர் தலைக்குள் புகுந்திருந்ததுதான் காரணம். அதே வருஷம் செப்டம்பரில் அதிரம்பாக்கத்திலும் கற்கள் அகப்பட்டன. அந்த இடத்துக் கற்களில் மிகப் பழையவற்றுக்குப் பதினைந்து லக்ஷம் வயசு என்று சாந்தி பப்புவின் குழுவினர் 2011-ல் நிரூபித்துவிட்டார்கள். ஆறாயிரம் எங்கே, பதினைந்து லக்ஷம் எங்கே!

சேர்வராயன் மலையிலும் கல் கோடாரிகள் உண்டு. இவை பிற்காலத்தவை, வழவழவென்று தேய்த்து மெருகேற்றியவை. மலைவாசிகள் இவற்றைப் பொறுக்கிச் சிறு கோயில்களில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார்கள். ஐரோப்பியக் குடியானவன் இதே சாமானை இடியோடு விழுந்த கல் என்று நம்பிப் பத்திரப்படுத்தினான். நான் இதைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன். சாமி என்று வைத்ததால் அல்லவா அந்தக் கல் பிழைத்தது! கல் என்று மட்டும் நினைத்திருந்தால் ரஸ்தாவுக்குப் போட்டிருப்பார்கள்.

பெல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகள் விஷயத்தில் ஃபூட்டின் புத்தி இன்னும் நன்றாக வேலை செய்தது. ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்து மேட்டை வாலியைத் தகனம் செய்த இடம் என்று ஊரார் சொன்னார்கள். படித்த வெள்ளைக்காரர்களோ எரிமலை என்றும், போரில் மாண்டவர்களை எரித்த சாம்பல் என்றும் எழுதினார்கள். அவரவருக்குப் பிடித்தமான கதை! ஃபூட் மட்டும், "மாட்டுச் சாணம்" என்றார். சுவாரசியமே இல்லாத பதில். 1957-ல் ஆல்சின் உட்னூரில் தோண்டியபோது சாம்பலுக்கு நடுவே மாட்டுக் குளம்படிகள் பதிந்து கிடந்தன.

இத்தனை தெளிந்த மனிதர் ஓர் இடத்தில் வழுக்கினார். பழைய கற்கால மக்களுக்கும் புதிய கற்கால மக்களுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி, அதில் ஆளே இல்லை என்பது அவர் தீர்மானம். ஐரோப்பாவில் அக்காலத்துப் பெரியவர்கள் பலரும் அப்படியே சொன்னார்கள். குஜராத்தின் சபர்மதிக் கரை மண்ணும் அவருக்கு அப்படியே சாட்சி சொல்லிற்று. வேடிக்கை என்னவென்றால், திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரத்துச் செம்மணல் தேரியில் நகத்தளவுச் சின்னக் கற்கருவிகளை முதலில் பொறுக்கியவரும் அவரேதான். இடைவெளியை அடைக்கும் சாமான் அவர் உள்ளங்கையில் இருந்தது! ஆனால் அவர் அலமாரியில் தட்டுகள் பழசு, புதுசு, இரும்பு என்றுதான் பிரிந்திருந்தன. நடுவில் தட்டு இல்லை. 1956-ல் ஸாய்னரும் ஆல்சினும் அந்தத் தேரிகளைப் பற்றி எழுதிய பிறகே அக்கற்களுக்கு உரிய இடம் கிடைத்தது.

ஃபூட் தம் சேகரிப்பை 1904-ல் சென்னை மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டுப் பட்டியல் எழுத உட்கார்ந்தார். அது அச்சேறியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1912 டிசம்பரில் காலமானார். பட்டியல் 1914-லும், அதைத் தொடர்ந்த குறிப்புரை 1916-லும் வெளிவந்தன. எந்தக் கல் எந்த ஊரில் அகப்பட்டது என்பதைத் தம் அபிப்பிராயத்தோடு கலக்காமல் தனியே குறித்திருந்தார். அந்த ஊர்ப் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் பின்னால் வந்தவர்கள் மறுபடி அங்கே போய்ப் பார்த்து அவரைத் திருத்தினார்கள்.