இத்தாலியக் கிதார்க் கூட்டிசையின் வளர்ச்சி

இத்தாலிய தேசத்துச் சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இசை நாடகத்தோடு நின்றுவிடுவது வழக்கமாதலால், அத்தேசத்தார் கிதாருக்குச் செய்த பணி பெரும்பாலும் கவனிப்பாரற்றுப் போயிற்று. அதிலும், பல கிதார்கள் சேர்ந்து வாசிப்பதற்கென்றே இயற்றப்பட்ட உருப்படிகளின் சரித்திரத்தை ஆராயப் புகுந்தால், அதன் முக்கியமான அத்தியாயங்கள் இத்தாலிக்கு வெளியிலேயே எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம்.

நேப்பிள்ஸில் 1770-இல் பிறந்த ஃபெர்டினாண்டோ காருல்லி பாரிஸில் குடியேறினார். பிஷேல்யெ என்னும் ஊரில் 1781-இல் பிறந்த மௌரோ ஜூலியானி வியன்னாவில் புகழ் பெற்றார். காருல்லியின் இரட்டைக் கிதார் உருப்படிகளில் பல, ஆசிரியரும் மாணாக்கரும் அமர்ந்து வாசிப்பதற்கு ஏற்றவை. ஜூலியானியோ இரு வாத்தியங்களுக்கும் சம அந்தஸ்து அளித்ததோடு, சாதாரணக் கிதாரைவிட மூன்று அரைஸ்வரம் உயர்த்திச் சுருதி கூட்டப்படும் சிறு கிதாரையும் கையாண்டார்.

இம்மரபின் சிகரமென்று நான் கருதும் படைப்பும் அந்நிய மண்ணிலேயே தோன்றியது. ஃபிளாரென்ஸ் நகரத்தவரான மாரியோ காஸ்தெல்நுவோவோ-தெதெஸ்கோ, 1932-இல் வெனிஸில் ஸ்பானியக் கிதார்க் கலைஞர் செகோவியாவைச் சந்தித்த பின்னரே கிதாருக்கு எழுதத் தலைப்பட்டவர். யூதராகையால், முசோலினி அரசாங்கம் 1938-இல் பிறப்பித்த இனச் சட்டங்களின் கொடுமைக்குத் தப்பி, 1939-இல் அமெரிக்கா சென்று, சினிமாப் படங்களுக்கு இசையமைத்தும் மாணாக்கர்களுக்குப் போதித்தும் கலிபோர்னியாவில் வாழ்ந்தார். அங்கே 1962-இல், ஈதா பிரெஸ்தி, அலெக்ஸாந்தர் லகோயா என்ற கிதார்க் கலைஞர் தம்பதியருக்காக, பாக் காட்டிய வழியில் இருபத்து நான்கு சுருதிகளிலும் ஒவ்வொரு முன்னிசையும் ஃபியூகுமாக, இரு கிதார்களுக்கென்று ஒரு கிரந்தத்தை அவர் இயற்றி முடித்தார். ஃபியூகில் ஒரு குரல் எடுத்த விஷயத்தை மற்றொரு குரல் வேறு ஸ்தாயியில் ஏற்றுத் தொடர, முந்திய குரலும் ஓயாமல் உடன் செல்லவேண்டும். மீட்டிய கணத்திலேயே நாதம் தேயத் தொடங்கும் கிதாரில், தந்தியை அழுத்த நான்கே விரல்களுள்ள ஒருவருக்கு இது பெரும்பாடு. திறந்த தந்திகள் உதவாத சுருதிகளிலோ அனேகமாக அசாத்தியம். இரண்டாவது கிதார் வந்து சேர்ந்ததன் பயன் ஒலியின் பெருக்கமன்று, குரல்களின் சுதந்திரமே என்பதை இக்கிரந்தம் ஸ்தாபித்தது. இருபத்து நான்கும் ஒரே தரத்தன என்று நான் சொல்லமாட்டேன். சில ஃபியூகுகள் திட்டத்தைப் பூர்த்திசெய்யவே எழுதப்பட்டனவோ என்று தோன்றும். 1967-இல் பிரெஸ்தி காலமானபோது அவர் நினைவாக இரு கிதார்களுக்கு ஒரு சோக ஃபியூகை எழுதிய ஆசிரியர், மறு ஆண்டே தாமும் மறைந்தார்.

அதே 1962-இல், ரோமாபுரியில் கொஃப்ரேதோ பெத்ராஸி, யாழினத்து ஹார்ப், கிதார், மாண்டலின் ஆகிய மூன்றுக்கும் ‘இரண்டாம் செரெனாதா’வை இயற்றினார். ஒரே வாத்தியத்தைப் பெருக்கினால் குரல்கள் ஒன்றிலொன்று கலந்து அடையாளம் இழக்கும் என்ற சங்கடத்திற்கு, மீட்டப்படும் வாத்தியங்களையே வெவ்வேறாகத் தேர்ந்துகொண்டது ஒரு பரிகாரம். காஸ்தெல்நுவோவோ-தெதெஸ்கோ ராகபாவம் நிறைந்த பழைய இலக்கணத்தைக் கைவிடாதவர். பெத்ராஸியோ நாதத்தின் நிறத்தையும் மௌனத்தையுமே பொருளாகக் கொண்டார்.

வெளிநாட்டில் விளைந்ததைத் தாய்நாடு சுவீகரித்துக்கொண்டது பதிப்பாளர்களாலும் போதகாசிரியர்களாலுமே. பெர்பென் பதிப்பகத்தில் 1967 முதல் ஆஞ்ஜெலோ ஜிலார்தீனோ நடத்திய கிதார் நூல்வரிசை புதிய ஆசிரியர்களுக்கு இடமளித்தது. மிலான் இசைக் கல்லூரியில் போதித்த ருஜ்ஜெரோ கியேஸா, வானசாஸ்திரி கலிலியோவின் தந்தை எழுதிய லூட் வாத்திய நூலின் பெயரையே சூட்டி, ‘இல் ஃப்ரோனிமோ’ என்ற பத்திரிகையை 1972-இல் தொடங்கினார். அக்கல்லூரியிலேயே இசையமைப்பு கற்பித்த ப்ரூனோ பெத்தினெல்லி இரு கிதார்களுக்கு எழுதிய ‘திவெர்திமெந்தோ’, கிதார் வாசிக்கத் தெரிந்தவரே கிதாருக்கு எழுதமுடியும் என்ற பழைய நம்பிக்கை இத்தாலியில் தளர்ந்துவிட்டதற்கு ஓர் உதாரணம்.