பாணும் சொசேஜும்: ஒரு தொழிலாளிச் சாப்பாட்டின் கதை



புத்தாண்டு மலர் எண்டால் பொங்கல், பலகாரம், கைவிசேஷம் பற்றித்தான் எழுத வேணும். நான் எழுத வந்தது தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் தினமும் காண்கிற ஒரு சாதாரண சாப்பாட்டைப் பற்றி. இரண்டு துண்டு பாண், கொஞ்சம் பட்டர், நடுவில வெட்டின சொசேஜ். அவ்வளவுதான். இதைத் தின்னுகிற பலருக்கே இதன் பூர்வீகம் தெரியாது.

இது ஜேர்மன்காரரின் சாப்பாடு. குளிர் தொடங்கப் பன்றியை வெட்டி, மிச்சம் மீதி இறைச்சியை உப்புப் போட்டு, குடலில் அடைச்சு, புகையில் காயவிட்டுப் பல நாள் வைத்துச் சாப்பிட்ட ஏழைக் குடியானவரின் புத்தி. துரிங்கியா மாநிலத்து ஆர்ன்ஸ்டாட் ஊரிலுள்ள கன்னியர் மடமொன்றின் கணக்கில், 1404 ஆம் ஆண்டிலேயே சொசேஜுக்குக் குடல் வாங்கின செலவு எழுதிக் கிடக்கிறது. அங்கே வழக்கமாக மத்தியானம்தான் சூடான சாப்பாடு. இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே 'ஆபென்ட்புறோட்', அதாவது 'மாலைப் பாண்'. அடுப்பு மூட்டத் தேவையில்லை. ஒரு கையால் சாப்பிடலாம். வேலைக்கும் கொண்டு போகலாம்.

எங்கட றிச்மண்ட் ஹில்லுக்கும் ஜேர்மன்காரருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1794 இல் வில்லியம் பேர்சி என்பவர் 64 ஜேர்மன் குடும்பங்களைப் பக்கத்து மார்க்கத்தில் கொண்டுவந்து குடியேற்றினார். நாங்கள் தினமும் பஸ் ஏறுகிற யங் வீதிக்கு முதலில் காடு வெட்டியவர்களும் அந்தக் கூட்டத்தினர்தான்.

இன்னும் மேற்கே போனால் கிச்சினர் நகரம். அதன் பழைய பெயர் பேர்லின். அங்கே பொத்தான் செய்யும் தொழிற்சாலையில் ஜோன் மெற்ஸ் ஷ்னைடர் என்ற தொழிலாளி வேலை செய்தார். 1886 இல் அவருடைய கை காயப்பட்டது. வேலைக்குப் போக முடியாத நாட்களில் மனைவியோடும் தாயோடும் சேர்ந்து வீட்டிலேயே சொசேஜ் செய்து, வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். 1890 இல் அது ஒரு வியாபாரமாகியது. கிச்சினரில் இருந்த அந்தப் பெரிய தொழிற்சாலை 2015 இல் மூடப்பட்டது. ஆனால் ஷ்னைடர் என்ற பெயர் இண்டைக்கும் கடைகளில் இருக்கிறது.

எங்கட சனத்துக்கும் இந்தச் சாப்பாடு புதிதில்லை. 1980களில் கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் போன ஈழத்தமிழர் எத்தனையோ பேர். என்னுடைய பெரியம்மாவின் மகனும் அதில் ஒருவர். அகதி முகாமில் இரவுக்குக் குளிர்ந்த பாணும் சொசேஜும் கொடுப்பார்களாம். "இது என்ன இறைச்சி எண்டு கேட்கப் பாஷை தெரியாது. மாடாக இருக்குமோ எண்டு பயந்து வெறும் பாணைத்தான் திண்டனாங்கள்" என்று அண்ணை சொல்லுவார். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்ட 155 தமிழரும் ஜேர்மனியிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள்தான்.

எங்களுக்கும் பாண் ஒரு காலத்தில் அந்நியச் சாப்பாடுதான். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. பிறகு அதே பாணுக்காக 1970களில் விடிய எழும்பி வரிசையில் நின்றோம் என்று எங்கட பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாணோடு சம்பல் சேர்ந்தவுடன் அது எங்கட சாப்பாடாகி விட்டது. ஆகவே பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு சொசேஜ் சான்விச் கேட்டால் கோபிக்க ஒன்றுமில்லை.

நான் யோசிக்கிறது வேறொன்றை. முதலாம் உலக யுத்த காலத்தில் ஜேர்மன் பெயருக்கு எதிர்ப்புக் கிளம்ப, 1916 இல் பேர்லின் மக்கள் வாக்களித்துத் தங்கள் ஊரின் பெயரையே மாற்றினார்கள். வித்தியாசம் 81 வாக்குகள் மட்டும். பள்ளிக்கூடங்களில் ஜேர்மன் படிப்பிப்பதும் நின்றது. இண்டைக்கு அங்கே 1969 இல் தொடங்கின ஒக்டோபர்பெஸ்ட் விழாவுக்கு ஆயிரக்கணக்கில் சனம் கூடுகிறது. சொசேஜ் தாராளமாக விலைப்படுகிறது. ஆனால் தெருவில் ஜேர்மன் கேட்பது அரிது.

சாப்பாடு தப்பிவிடும். விற்கக் கடை இருக்கிறது. பிட்டும் இடியப்பமும் இண்டைக்கு மார்க்கத்திலும் ஸ்காபுரோவிலும் பெட்டியில் அடைச்சுக் கிடைக்கிறது. மொழியை அப்படி வாங்க ஏலாது. இந்தப் புத்தாண்டில் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் எதை வைத்தாலும் வைக்கட்டும். வைக்கும்போது தமிழில் கதைப்போம்.