விலையில்லா மடிக்கணினியும் இரட்டை இயங்குதளமும்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியை இயக்கும்போது அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை இரட்டைத் துவக்கம் எனப்படும். 'டூயல் பூட்' என்பது பேச்சு வழக்கு. கணினி ஆர்வலர்களிடம் மட்டும் புழங்கிய இம்முறை, 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் தமிழ்நாட்டின் எளிய குடும்பங்களின் வீட்டுக்குள்ளும் வந்தது.

தொழில்நுட்பப் பின்னணி

ஐ.பி.எம். தனிக்கணினிகளின் வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் வசதி 1983இல் டாஸ் 2.0 பதிப்புடன் வந்தது. வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் சிறிய துவக்க நிரலும், நான்கு பகுதிகள் வரை குறிக்கும் அட்டவணையும் இருக்கும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபின், பழைய இயங்குதளத்தை அழிக்காமல் புதியதைப் பயன்படுத்திப் பார்க்கும் தேவை எழுந்தது. அதற்காக லிலோ, பின்னர் கிரப் போன்ற துவக்க ஏற்றிகள் உருவாயின. கணினியை இயக்கியதும் பட்டியல் ஒன்றைக் காட்டி, 'எது வேண்டும்?' என்று கேட்பது இவற்றின் வேலை.

அக்காலக் கணினிகளில் விண்டோஸை முதலிலும் லினக்ஸை அடுத்தும் நிறுவுவதே வழக்கம். விண்டோஸ் பின்னால் நிறுவப்பட்டால், முதல் 512 பைட்டுகளில் உள்ள துவக்க நிரலை மாற்றிவிடும், பட்டியல் மறைந்துபோகும். லினக்ஸ் பகுதி வன்தட்டில் அப்படியே இருந்தும் பயனருக்குத் தெரியாது. கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கணினியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் பெரும்பாலும் உலகப் பொதுநேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்ளும். அதனால் இந்தியாவில் சில இரட்டைத் துவக்கக் கணினிகளில் ஐந்தரை மணி நேர வேறுபாடு தோன்றும்.

தமிழ்நாட்டில்

2007 வாக்கில், அன்று எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அந்நிறுவனத்தைச் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அதே ஆண்டில் சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கான வசதிகளுடன் பாஸ் லினக்ஸை வெளியிட்டது.

2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், முதலமைச்சர் ஜெயலலிதா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டின் இலக்கு 9.12 லட்சம் மடிக்கணினிகள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் பயன்பெற்றனர். தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் இருந்தன.

2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதையொட்டி, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியது.

முக்கொம்பு காட்டும் ஒப்புமை

இரண்டு வழிகளைத் திறந்துவிட்டால் இரண்டும் ஒரே அளவில் பயன்படும் என்று சொல்ல முடியாது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து, பெரும்பங்கு நீர் அவ்வழியே போயிற்று. காவிரியில் மணல் மேடிட்டது. தஞ்சைப் பாசனம் தளர்ந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டத் தொடங்கிய பிறகே காவிரிக்கு உரிய நீர் திரும்பியது.

மடிக்கணினியிலும் விண்டோஸ் பக்கமே தாழ்வான படுகையாக இருந்தது. கணினி மையங்கள், அலுவலகங்கள், நண்பர்கள் தரும் விளையாட்டுகள் என எல்லாம் அப்பக்கமே இழுத்தன. பழுது பார்க்கக் கொண்டுபோன இடங்களில் விண்டோஸை மட்டும் புதிதாக நிறுவிக் கொடுப்பதும் நடந்தது. அத்துடன் மாணவரின் லினக்ஸ் வழி அடைபட்டது.

பாடமும் தேர்வும்

இந்த ஓட்டத்தைச் சமன்செய்யக் கூடிய அணை வகுப்பறையே. கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளில் நடந்தது. பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வும் லினக்ஸிலேயே நடத்தப்பட்டது. தேர்வு எதில் நடக்கிறதோ அதை மாணவர் கற்றே தீருவர். தமிழ்நாட்டிலோ, 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் புதிய பாடநூலில்தான் விண்டோஸுடன் உபுண்டு லினக்ஸும் கற்பிக்கப்பட்டது. அதற்குள் மடிக்கணினித் திட்டம் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளைக் கடந்திருந்தது.

இழப்பு மாணவருக்குத்தான். விலை கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு, மூலநிரலைப் படித்துப் பார்க்கவும் மாற்றவும் பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் உரிமை தந்த பகுதி, அவர் கையிலிருந்த கருவியிலேயே திறக்கப்படாமல் கிடந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது. எந்த இயங்குதளத்தை நிறுவித் தருவது என்பதோடு, அதில் எதைக் கற்பித்து எதில் தேர்வு வைப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதே 2011இன் அனுபவம்.