ஒரு வாரத் தீர்ப்பும் 22 வருஷ மௌனமும்

1995 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்லோடைவ் குழு தன் மூன்றாவது ஆல்பமான ‘பிக்மேலியன்’-ஐ வெளியிட்டது. ஒரே வாரத்தில் கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் அவர்களைக் கழற்றிவிட்டது. நான்காவது ஆல்பம் வந்தது 2017 மே 5 அன்று. நடுவில் 22 வருஷம்.

இந்த மாதிரி இடைவெளிகளை ‘ரசிகர்களின் நீண்ட காத்திருப்பு’ என்று எழுதுவது வழக்கம். ஸ்லோடைவ் விஷயத்தில் அது பொய். 1995-இல் அவர்களுக்காகக் காத்திருக்க ஆளே அதிகம் இல்லை. இன்று அவர்களைத் தேடிக் கேட்பவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. காத்திருக்காதவர்களிடம் ஒரு குழு எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான் என் கேள்வி.

லண்டனுக்கு மேற்கே இருக்கிறது ரெடிங். அங்கே சின்ன வயதிலிருந்தே நண்பர்களான நீல் ஹால்ஸ்டெட்டும் ரேச்சல் காஸ்வெல்லும் 1989-இல் தொடங்கிய குழு இது. கிதாரில் ஒரு ஸ்வரத்தைத் தட்டினால் அது டிலே, ரிவெர்ப் பெடல்கள் வழியாகப் போய், பலமுறை திரும்பி வந்து, தன் மேலேயே படியும். அப்படி மூன்று கிதார்கள் சேர்ந்தால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. குரலும் அதற்குள்ளேயே முங்கிக் கிடக்கும். பெடல்களை மிதிக்க எந்நேரமும் கீழே பார்த்தபடி வாசித்ததால், இந்த வகைக் குழுக்களுக்குப் பத்திரிகைகள் ‘ஷூகேஸ்’ என்று பெயர் வைத்தன. ஷூவை வெறித்துப் பார்ப்பவர்கள். கேலியாக வைத்த பெயர்தான் பிறகு அந்த வகைமைக்கே பெயராகிவிட்டது.

அன்றைய பிரிட்டனில் இசையின் நீதிமன்றம் வார இதழ்கள். 1926-இல் தொடங்கிய மெலடி மேக்கர், 1952-இல் தொடங்கிய என்எம்இ. வார இதழுக்கு வாராவாரம் ஒருவரைத் தூக்கிவைக்க வேண்டும். தூக்கிவைக்க இடம் வேண்டுமென்றால் முன்பு வைத்ததை இறக்கியாக வேண்டும். ஸ்லோடைவின் முதல் இபிக்களைக் கொண்டாடியதும் இதே இதழ்கள்தான். 1991-இல் ‘ஜஸ்ட் ஃபார் எ டே’ வருவதற்குள் காற்று மாறத் தொடங்கியிருந்தது. அதே மாதம் அமெரிக்காவிலிருந்து நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ வந்தது. பின்னாலேயே பிரிட்பாப். சத்தமாகப் பேசுகிறவர்கள், கேமராவை நேராகப் பார்க்கிறவர்கள் தேவைப்பட்ட காலம். ‘நடுத்தர வர்க்கப் பிள்ளைகள், சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள், வெறும் ஓசை’ என்பது ஷூகேஸ் குழுக்கள் மேல் விழுந்த குற்றச்சாட்டு. முதல் ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் 32-ஆம் இடத்தைத் தொட்டது. 1993-இல் வந்த ‘சூவ்லாகி’, பிரையன் ஈனோ இரண்டு பாடல்களில் பங்களித்திருந்தும், 51-இல் நின்றது. அதே வருஷம்தான் கிரியேஷன் ஓயசிஸைக் கண்டுபிடித்து ஒப்பந்தம் போட்டது.

அந்தச் சூழலில் ஹால்ஸ்டெட் செய்தது பிழைக்கத் தெரிந்தவர் செய்யும் காரியமே இல்லை. ‘பிக்மேலியன்’-இல் கிதார் மேகத்தையும் கலைத்துவிட்டார். சாம்ப்ளரில் சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டிச் சுழலவிட்டு, டிரம்ஸை ஓரம்கட்டி, பாடலின் நடுவில் வெறும் வெளியை விட்டார். ராக் ஆல்பம் என்று சொல்வதே கஷ்டம். விளைவு தெரிந்ததுதான். ஹால்ஸ்டெட், காஸ்வெல், டிரம்மர் இயன் மக்கட்சன் மூவரும் மொஹாவி 3 என்ற பெயரில் அமைதியான நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாடல்களுக்கு நகர்ந்தார்கள். ஸ்லோடைவ் முடிந்தது.

ஆனால் ஒலிப்பதிவுகள் முடியவில்லை. 2002-இல் பெர்லினின் மோர் மியூசிக் நிறுவனம், மின்னிசைக் கலைஞர்கள் ஸ்லோடைவ் பாடல்களை மறுபடி இசைத்த ஒரு தொகுப்பை வெளியிட்டது. 2004-இல் கிரெக் அராகியின் ‘மிஸ்டீரியஸ் ஸ்கின்’ படம் இவர்களது பாடலோடு திறந்தது. பிறகு கோப்புகளாகப் பரவின. என்னிடம் வந்ததும் அப்படித்தான்: பொறியியல் கல்லூரி விடுதியின் லேனில் யாரோ பகிர்ந்து வைத்திருந்த ஃபோல்டர். பாட்டுப் பெயர், ஃபைல் சைஸ், அவ்வளவுதான். இது மட்டமான ஆல்பம் என்று லண்டனில் ஒருவர் தீர்ப்பு எழுதியிருந்தது அந்த ஃபோல்டரில் இல்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. விமர்சனம் அந்த வாரத்துத் தாளோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. ஒலி தேதி இல்லாமல் பயணப்பட்டது. கேட்டவர்கள் அதை முதல்முறை வந்ததாகவே கேட்டார்கள்.

2014 ஜனவரியில் மறுபடி சேர்வதாக அறிவித்தார்கள். மே மாதம் பார்சலோனாவின் பிரிமவேரா விழா. 1994-இல் விலகிய டிரம்மர் சைமன் ஸ்காட்டும் இருந்தார். பழைய பாட்டை மட்டும் வாசித்துக் காலத்தை ஓட்டியிருக்கலாம். புது ஆல்பம் என்பது நிஜமான ஆபத்து. அது சொதப்பினால், ‘வெறும் ஓசைதான்’ என்ற பழைய தீர்ப்பு 22 வருஷம் கழித்து ஊர்ஜிதமாகியிருக்கும்.

முன்பு பதிவு செய்த அதே ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கோர்ட்யார்ட் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். 8 பாடல்கள். தலைப்பு வெறுமனே ‘ஸ்லோடைவ்’. 1990-இல் வந்த முதல் இபிக்கும் அதே பெயர்தான். ‘ஷுகர் ஃபார் த பில்’-இல் பேஸ் கிதார் முன்னால் நடக்க, மற்றவை விலகி வழிவிடுகின்றன. கடைசிப் பாடல் ‘ஃபாலிங் ஆஷஸ்’-இல் ஒரு பியானோத் துண்டு திரும்பத் திரும்பச் சுழல்கிறது; நடுவில் நிறைய வெளி. அதாவது, எந்த ஆல்பத்தோடு வெளியே தள்ளப்பட்டார்களோ அந்த ‘பிக்மேலியன்’ பாதையிலேயே போய் முடிக்கிறார்கள். கோபமோ விளக்கமோ இல்லை. விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிற தொனி. ஆல்பம் 16-ஆம் இடம் வரை போனது. 2023-இல் வந்த ‘எவ்ரிதிங் இஸ் அலைவ்’ முதல் பத்துக்குள் நுழைந்தது. அவர்களுக்கு அதுவே முதல்முறை.

இதை நீதி வென்ற கதையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பதின்ம வயதின் முடிவில் தொடங்கியவர்கள் நாற்பதுகளில் திரும்பினார்கள். நடுவில் இவர்கள் சேர்ந்து செய்திருக்கக்கூடிய ஆல்பங்களை யாரும் திருப்பித் தர முடியாது. 2023 ஆல்பம், 2020-இல் இறந்த காஸ்வெல்லின் அம்மாவுக்கும் ஸ்காட்டின் அப்பாவுக்கும் சமர்ப்பணம். மெலடி மேக்கர் 2000-இல் நின்றுபோனது. என்எம்இயின் அச்சு வார இதழ் 2018-இல் நின்றது. தீர்ப்பு எழுதிய தாள்களும் போய்விட்டன என்பதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை; இன்று அந்த வேலையை நாமே ஒரு மணி நேரத்துக்குள் செய்து முடிக்கிறோம், வாரம்கூட எடுத்துக்கொள்வதில்லை.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ‘பிக்மேலியன்’-இன் முதல் பாடலான ‘ரட்டி’யைப் போடுங்கள். பத்து நிமிஷம் ஓடும். முடிந்ததும் உடனே ‘ஃபாலிங் ஆஷஸ்’. இரண்டுக்கும் நடுவில் 22 வருஷம் இருப்பது காதுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.