பேச்சு, மொழி, தொடர்பாடல் தேவைகள் (பள்ளிக் கல்வி)

பேச்சு, மொழி, தொடர்பாடல் தேவைகள் என்பது பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதிலோ, நினைப்பதைச் சொல்வதிலோ, ஒலிகளைத் திருத்தமாக ஒலிப்பதிலோ, உரையாடலில் பங்குகொள்வதிலோ ஒரு குழந்தைக்கு உள்ள இடர்ப்பாடுகளையும், அவற்றுக்காகப் பள்ளி செய்துதர வேண்டிய உதவிகளையும் சேர்த்துக் குறிக்கும் கல்வியியல் சொல்லாகும். இங்கிலாந்தில் ஜான் பெர்கோ தலைமையில் நடந்த ஆய்வின் அறிக்கை 2008 இல் வெளிவந்தபின் இச்சொல் பரவலாக அறியப்பட்டது. இக்கட்டுரை விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட பகுதியான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

பேச்சு, மொழி, தொடர்பாடல் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. திக்கிப் பேசும் சிறுவனுக்கு இடர்ப்பாடு பேச்சில் உள்ளது. அவனது மொழியறிவு முழுமையாக இருக்கலாம். தெளிவாக ஒலித்தும், "பையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டு வா" என்ற தொடரில் பாதியை மட்டும் புரிந்துகொள்ளும் சிறுமிக்கு இடர்ப்பாடு மொழியில் உள்ளது. சொற்களும் இலக்கணமும் கைவந்தும், எப்போது பேசுவது, எப்போது கேட்பது என்பது பிடிபடாத குழந்தைக்கு இடர்ப்பாடு தொடர்பாடலில் உள்ளது. இவற்றுள் முதல் வகை எவர் காதிலும் உடனே படும். இரண்டாம் வகை பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். அக்குழந்தை குறும்பு செய்யாது, கேள்வி கேட்காது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதிக்கொள்ளும். சில ஆண்டுகளில் அதற்கு 'மக்கு' என்ற பெயர் நிலைத்துவிடும்.

வேறு காரணம் எதுவும் புலப்படாமல் மொழி மட்டும் பின்தங்கும் நிலைக்கு 'வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு' என்ற பெயரை, ஆங்கிலம் பேசும் நாடுகளின் வல்லுநர் குழு ஒன்று 2017 இல் முன்வைத்தது. இங்கிலாந்தில் பள்ளியில் சேரும் வயதினரிடம் செய்த ஆய்வு ஒன்று (2016) இதன் அளவைச் சுமார் 7% என மதிப்பிட்டது. முப்பது பேர் உள்ள வகுப்பில் இருவர் என்று கொள்ளலாம்.

வேறுபாடும் குறைபாடும்

தென் மாவட்டப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். திருச்சுழி என்ற ஊர்ப்பெயரே அவ்வூர் மக்கள் வாயில் 'திருச்சுளி' ஆகிறது. ஆகவே 'வாளப்பளம்' என்று சொல்லும் முதல் வகுப்புக் குழந்தைக்கு ஒலிப்புக் குறைபாடு இல்லை. அது தன் தாயைப் போலப் பேசுகிறது. மாறாகக் 'கண்ணு' என்பதைத் 'தண்ணு' என்றும், 'காக்கா' என்பதைத் 'தாத்தா' என்றும் ஐந்து வயதிலும் ஒரு குழந்தை சொல்லுமானால் அது வட்டார வழக்கு அன்று. அக்குழந்தையை வல்லுநர் ஒருவர் பார்க்க வேண்டும். ரகரம், ழகரம் போன்ற ஒலிகள் பல குழந்தைகளிடம் ஐந்து, ஆறு வயது வரைகூட நிலைபெறாமல் இருக்கலாம்.

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி அடுத்த படி. வீட்டில் 'வந்துக்கிட்டிருக்காங்க' என்று கேட்டுவந்த குழந்தை பாடநூலில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று படிக்கிறது. எல்லாக் குழந்தைகளும் இந்த இடைவெளியைக் கடக்கின்றனர். மொழித் தேவை உள்ள குழந்தைக்கு அதைக் கடக்கக் கூடுதல் காலமும் துணையும் தேவை.

இவ்வட்டாரத்தில் வீட்டுமொழியும் ஒன்று அன்று. அருப்புக்கோட்டையில் நெசவுத் தொழிலில் உள்ள தேவாங்கர் குடும்பங்களில் கன்னடமும், சுற்றியுள்ள கரிசல் ஊர்கள் பலவற்றில் தெலுங்கும் பேசப்படுகின்றன. இத்தகைய குழந்தை வகுப்பில் பேசாதிருந்தால், ஆசிரியர் முதலில் தாயிடம் ஒரு கேள்வி கேட்பது போதும்: வீட்டுமொழியில் இவன் தன் வயதுப் பிள்ளைகளைப் போலப் பேசுகிறானா? பேசுகிறான் எனில் அவனுக்குத் தேவை தமிழ் பழகக் கால அவகாசம் மட்டுமே. மெய்யான மொழிக் குறைபாடு ஒரு மொழியில் மட்டும் தோன்றாது. குழந்தை அறிந்த எல்லா மொழிகளிலும் தோன்றும். வீட்டில் தமிழ் மட்டும் பேசுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை கூறுவது தவறு. இருமொழிச் சூழல் மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை.

வீட்டிலும் தெருவிலும் நன்றாகப் பேசிவிட்டுப் பள்ளியில் மட்டும் மாதக்கணக்கில் வாய் திறவாத குழந்தைகளும் உள்ளனர். இது பிடிவாதம் அன்று. அச்சத்தால் விளையும் நிலை. அதட்டினால் அது கடினமாகும்.

செவித்திறன்

பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனையாகும். அதற்கு முன்பாக நாக்கில் வசம்பு தேய்ப்பதும், "இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்று காத்திருப்பதும் ஊர்களில் வழக்கம். வசம்பின் மீது பழிபோட வேண்டியதில்லை. இழப்பு, காத்திருக்கும் ஆண்டுகளால் வருவது. நெருங்கிய உறவுத் திருமணங்கள் மரபுவழிச் செவித்திறன் குறைபாட்டுக்கு ஒரு காரணமாகும். தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. காதில் சீழ் வடிதல் மற்றொரு காரணம். அதனால் வரும் குறை நாளுக்கு நாள் மாறும் என்பதால், "நேற்று கேட்டதே, இன்று நடிக்கிறான்" என்ற ஐயத்துக்கும் குழந்தை ஆளாகிறது. சீழ் வடியும் காதில் எண்ணெய் ஊற்றுவது தீங்கானது.

அருப்புக்கோட்டையின் விசைத்தறித் தெருக்களில் இரைச்சலும் ஒரு சிக்கல். தறி ஓடும் வீட்டில் பேச்சு பாதி கைச்சைகையாகவே நடக்கும். தறிச்சத்தம் கேட்கும் வகுப்பறையில் பின்வரிசைக் குழந்தைக்குச் சொற்களின் மெல்லிய ஒலிகள் எட்டுவதில்லை.

2013 இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும். அவர்கள் தேடும் நிலைகளில் செவித்திறன் குறைபாடும் மொழித் தாமதமும் அடங்கும். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செவிநத்தைச் சுருள் கருவி பொருத்தப்படுகிறது. அறுவை முடிந்ததும் குழந்தை பேசிவிடாது. கேட்டுப் பேசும் பயிற்சி தொடர்ந்து அளிக்கப்பட வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திருச்சுழிக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து பயிற்சிக்குச் சென்றுவரும் ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு நாள் கூலி இழப்பாகும். பயிற்சி பாதியில் நிற்பதைக் கணக்கிடும்போது இதையும் கணக்கிட வேண்டும்.

வகுப்பறையில்

பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் அரைமணி நேரம் குழந்தையைப் பார்க்கலாம். ஆசிரியர் நாளில் ஐந்து மணி நேரம் பார்க்கிறார். ஆகவே ஊர்ப்புறத்தில் உதவியின் பெரும்பகுதி வகுப்பறையிலேயே நிகழ இயலும்.

எளிய முறை காத்திருத்தலாகும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கின்றனர் என்பதையும், மூன்று நொடி காத்திருந்தால் விடைகள் நீள்கின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இதற்குச் செலவு ஏதுமில்லை.

மற்றொன்று திருத்தாமல் திருத்துதல். "நேத்து ஊருக்குப் போறேன்" என்னும் குழந்தையிடம் "தப்பு, மறுபடி சொல்" எனாமல், "ஓ, நேத்து ஊருக்குப் போனியா? யாரோட போன?" என்று சரியான வடிவை உரையாடலுக்குள் திருப்பித் தருவது. கட்டளைகளைப் பிரித்துச் சொல்லுதல், புதிய சொல்லைப் பொருளோடு காட்டுதல் ஆகியவையும் பயன்படும். பாவு, ஊடை, பருத்திக்காய், கண்மாய் எனக் குழந்தை கையால் தொட்டறிந்த சொற்களிலிருந்து தொடங்குவது, படத்தில் மட்டும் பார்த்த பனிமனிதனிலிருந்து தொடங்குவதைவிட நன்று.

பேச்சு வராத குழந்தைக்குப் படப்பலகை உதவும். படங்களைத் தொட்டால் குரல் கொடுக்கும் 'ஆவாஸ்' என்ற மென்பொருளைச் சென்னை நிறுவனம் ஒன்று உருவாக்கியது. எனினும் தண்ணீர், கழிப்பறை, வலி, போதும், இன்னும் வேண்டும் ஆகியவற்றுக்கான படங்கள் ஒட்டிய அட்டை ஒன்றே பல குழந்தைகளுக்கு நல்ல தொடக்கமாகும். அட்டைக்கு மின்னூட்டம் தேவையில்லை. படம் காட்டினால் குழந்தை பேசக் கற்காது என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

சட்டமும் சான்றிதழும்

1995ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட ஏழு குறைபாடுகளில் பேச்சுக் குறைபாடு தனியாக இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலை 21 ஆக விரித்துப் 'பேச்சு, மொழிக் குறைபாட்டையும்' சேர்த்தது. ஆனால் அதன் வரையறை குரல்வளை நீக்கம், பேச்சிழப்பு போன்ற உடலியல் அல்லது நரம்பியல் காரணங்களால் வரும் நிலையான குறைபாட்டை மட்டுமே குறிக்கிறது. அத்தகைய காரணம் காட்ட இயலாத பள்ளிக் குழந்தை இதில் அடங்குவதில்லை. அதே சட்டத்தின் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற பிரிவு பேச்சுமொழியைக் கையாளும் இடர்ப்பாட்டையும் உள்ளடக்கியது. எனினும் 2018 இல் வெளியான மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள் அதற்கான சோதனையை மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் வைத்தன. மொழி வளர்ச்சிக்கு மிகவும் உதவக்கூடிய ஆண்டுகள் அதற்கு முன்பே கழிந்துவிடுகின்றன.

தேர்வில் கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு, உதவித்தொகை ஆகியவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும். வகுப்பறை உதவிக்கு வேண்டியதில்லை. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்படும் கூடுதல் கற்பித்தலை அளிப்பது ஆசிரியரின் கடமை எனக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இன் 24ஆம் பிரிவு கூறுகிறது. இக்கடமைக்கு எந்தச் சதவீதமும் வரம்பாக வைக்கப்படவில்லை.

வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்களை ஆசிரியர் அணுகலாம். அப்போது 'சரியாகப் பேசுவதில்லை' என்று எழுதுவதைவிட, குழந்தை சொன்ன நான்கைந்து தொடர்களை அது சொன்னபடியே எழுதி, வீட்டுமொழி எது, காதில் சீழ் வந்ததுண்டா என்பவற்றையும் குறித்து அனுப்புவது பயன் தரும். மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தோடு வெளியூர் வேலைக்குச் சென்று நடுவில் பள்ளி மாறும் குழந்தையின் கையில் இக்குறிப்பின் படி ஒன்றைக் கொடுத்தனுப்பினால், புதிய பள்ளி முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.