கோஹினூர் முதல் ஓட்டுரிமை வரை... அரச குடும்பம் கொடுத்த வீட்டில் இருந்தே பிரிட்டன் அரசை எதிர்த்த இளவரசி! யார் இந்த சோபியா துலீப் சிங்?

1913 ஏப்ரல் மாதம். லண்டனை ஒட்டிய ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வாசலில் ஃபர் கோட் போட்ட பெண் ஒருவர் நின்று பேப்பர் விற்கிறார். தோளில் பை, பக்கத்தில் 'புரட்சி' என்று எழுதிய போர்டு. பேப்பரின் பெயர் 'தி சஃப்ரஜெட்'. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர்களின் பத்திரிகை அது.

பேப்பர் விற்பதற்கெல்லாம் ஒரு பதற்றமா என்று தோன்றலாம். ஆனால் விற்றவர் சோபியா துலீப் சிங். பஞ்சாப் மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தி, விக்டோரியா மகாராணியின் ஞானமகள். அவர் குடியிருந்ததும் அதே அரண்மனைக்கு எதிரில், அரச குடும்பம் வாடகை இல்லாமல் கொடுத்த வீட்டில்தான்!

பஞ்சாப் இளவரசி இங்கிலாந்தில் பிறந்தது எப்படி?

கதை 1849-ல் தொடங்குகிறது. பஞ்சாபை கிழக்கிந்திய கம்பெனி தன்னோடு இணைத்துக்கொண்டபோது அரியணையில் இருந்தவர் துலீப் சிங். வயது பத்துதான். நாட்டையும் கோஹினூர் வைரத்தையும் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் அந்தச் சிறுவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். தாய் ஜிந்த் கவுரை அதற்கு முன்பே பிரித்துவிட்டிருந்தார்கள். கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய துலீப், 1854-ல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

விக்டோரியா மகாராணிக்கு அவர் மேல் தனிப் பிரியம். பக்கிங்ஹாம் அரண்மனையில் துலீப்பை ஓவியம் வரைந்துகொண்டிருந்த நேரத்தில், கோஹினூரைக் கொண்டுவரச் சொல்லி அவர் கையில் கொடுத்தார் ராணி. பார்த்துவிட்டு அதை ராணியிடமே திருப்பிக் கொடுத்தார் துலீப். வேறு என்னதான் செய்திருக்க முடியும்?

துலீப் சிங்குக்கும் அவர் மனைவி பாம்பா முல்லருக்கும் 1876 ஆகஸ்ட் 8-ம் தேதி பிறந்தவர் சோபியா. சஃபோக் பகுதியில் எல்வெடன் மாளிகையில் வளர்ந்தார். செல்வத்துக்குக் குறைவில்லை, நிம்மதிதான் நிலைக்கவில்லை. கடனில் சிக்கி, பிரிட்டன் அரசோடு முட்டிக்கொண்ட துலீப், 1886-ல் இந்தியாவுக்குக் கிளம்பினார். ஏடனிலேயே மறித்துவிட்டார்கள். அவர் குடும்பத்தோடு திரும்பி வரவில்லை. 1887-ல் அம்மா இறந்தார், 1893-ல் அப்பா பாரிஸில் இறந்தார். அப்போது சோபியாவுக்கு 17 வயது.

அதன் பிறகு விக்டோரியா கொடுத்ததுதான் ஹாம்ப்டன் கோர்ட் எதிரில் இருந்த ஃபாரடே ஹவுஸ். அரசின் உதவித்தொகையும் உண்டு. சைக்கிள் ஓட்டுவது, உயர் ரக நாய்கள் வளர்ப்பது, ஃபேஷன் உடைகள், பார்ட்டிகள் என்று போனது சோபியாவின் இளமை. இந்த வாழ்க்கையைப் பார்த்து யாரும் அவரைப் போராளி என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

திருப்புமுனை எது?

1906-07-ல் போன பஞ்சாப் பயணம் முக்கியமானது. தாத்தா ஆண்ட லாகூரைப் பார்த்தார். கோபால கிருஷ்ண கோகலே, லாலா லஜபதி ராய் போன்றவர்களைச் சந்தித்தார். தன் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்பது இங்கே இருந்து பார்க்கும்போது வேற மாதிரி தெரிந்தது. லண்டன் திரும்பியவர் 1909-ல் எம்மெலின் பாங்க்ஹர்ஸ்டின் அமைப்பில் சேர்ந்தார்.

1910 நவம்பர் 18. 'கறுப்பு வெள்ளி' என்று வரலாறு குறிக்கும் நாள். சுமார் 300 பெண்கள் நாடாளுமன்றத்தை நோக்கிப் போனார்கள். பாங்க்ஹர்ஸ்டோடு முன்வரிசைக் குழுவில் சோபியாவும் இருந்தார். போலீஸ் மணிக்கணக்கில் அடித்து, தள்ளி, மானபங்கப்படுத்தியது. ஒரு பெண்ணை மீண்டும் மீண்டும் தரையில் தள்ளிய போலீஸ்காரரைப் பார்த்த சோபியா, நடுவில் புகுந்து தடுத்தார். அதோடு விடவில்லை. அவருடைய நம்பரைக் குறித்துக்கொண்டு, புகாருக்கு மேல் புகார் அனுப்பினார். அப்போது உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். அந்தப் புகாரில் நடவடிக்கை எதுவும் வரவில்லை.

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, கணக்கில் சேர்க்காத பெண்களைக் கணக்கெடுக்கவும் வேண்டாம் என்ற பொருளில் படிவத்தின் குறுக்கே எழுதித் திருப்பி அனுப்பினார். அதே ஆண்டு, பிரதமர் ஆஸ்குவித்தின் காருக்கு முன்னால் பாய்ந்து போஸ்டர் காட்டினார்.

வரி கட்ட மறுத்தது ஏன்?

சோபியாவின் பெரிய ஆயுதம் இதுதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் நாய் வளர்க்க, ஆண் வேலைக்காரர் வைத்துக்கொள்ள, வண்டி வைத்திருக்க எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் கட்டணம் உண்டு. சோபியா எதையும் கட்டவில்லை. ஓட்டுப் போடத் தகுதியில்லாத எனக்கு வரி கட்ட மட்டும் தகுதி வந்துவிட்டதா என்பது கோர்ட்டில் அவர் வைத்த வாதம். பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுங்கள், சந்தோஷமாகக் கட்டுகிறேன் என்றார்.

1911-ல் 3 பவுண்டு அபராதம். அதற்கும் மசியவில்லை. அதிகாரிகள் அவருடைய வைர மோதிரத்தை ஜப்தி செய்து ஏலம் விட்டார்கள். அதை ஏலத்தில் எடுத்த சக போராளி அங்கேயே சோபியாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்! 1913 டிசம்பரில் மறுபடி வழக்கு, இந்த முறை 12 பவுண்டு 10 ஷில்லிங். முத்து மாலையும் தங்க வளையலும் ஜப்தி. அவற்றையும் தோழிகளே ஏலத்தில் எடுத்தார்கள். கோஹினூரை எடுத்துக்கொண்ட அதே அரசுதான் மோதிரத்துக்கும் மாலைக்கும் ஆள் அனுப்பியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே போராட்டத்தில் சாதாரணப் பெண்கள் நூற்றுக்கணக்கில் சிறை போனார்கள். உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். சோபியாவுக்கு ஒருநாள்கூட சிறைத் தண்டனை கிடையாது. மகாராணியின் ஞானமகளை உள்ளே தள்ளினால் லண்டனில் மட்டுமல்ல, பஞ்சாபிலும் பேச்சாகிவிடும் என்ற தயக்கம் அரசுக்கு இருந்தது. அந்தப் பாதுகாப்பை அவர் ஒதுங்கி உட்காரப் பயன்படுத்தவில்லை என்பதுதான் அவருடைய பெருமை. பேப்பர் விற்ற விவகாரத்தில் வீட்டைக் காலி செய்ய வைக்கலாமா என்றுகூட மேலிடத்தில் யோசனை ஓடியது. கடைசியில் கை வைக்கவில்லை.

ஓட்டுரிமைக்குப் பிறகு?

முதல் உலகப்போரில் காயம்பட்ட இந்திய வீரர்களை பிரைட்டன் அரண்மனையில் வைத்து சிகிச்சை கொடுத்தார்கள். அங்கே நர்ஸாக வேலை பார்த்தார் சோபியா. ரஞ்சித் சிங்கின் பேத்தி கட்டில் பக்கத்தில் நிற்பதை சீக்கிய சிப்பாய்களால் நம்ப முடியவில்லை.

1918-ல் சொத்துத் தகுதியோடு 30 வயதான பெண்களுக்கும், 1928-ல் ஆண்களைப் போலவே 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் ஓட்டுரிமை கிடைத்தது. 1934-ல் பிரபல பெண்கள் பற்றிய ஒரு தொகுப்பு நூல் ஆர்வம் என்ன என்று கேட்டதற்கு, பெண்களின் முன்னேற்றம் என்று மட்டும் பதில் எழுதினார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அக்கா கேத்தரினோடு பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள பென் கிராமத்தில் தங்கி, லண்டன் குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த குழந்தைகளுக்கு வீட்டில் இடம் கொடுத்தார். 1948 ஆகஸ்ட் 22-ம் தேதி அங்கேயே காலமானார். சீக்கிய முறைப்படி தகனம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம்.

பல ஆண்டுகள் பெரிதாக யாரும் பேசாத இந்தப் பெயர், 2015-ல் அனிதா ஆனந்த் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலுக்குப் பிறகு மறுபடி வெளியே வந்தது. 2018-ல் பிரிட்டன் தபால்துறை வெளியிட்ட ஸ்டாம்ப்பில் பேப்பர் விற்கும் சோபியா இருக்கிறார். காலி செய்ய வைக்கலாமா என்று யோசித்த அந்த ஃபாரடே ஹவுஸ் சுவரில், 2023 முதல் அவர் பெயர் போட்ட நீல நிற நினைவுப் பலகை இருக்கிறது.